முழங்கால் வலிக்கு மூன்று யூனிட்

அலுவலகத்தில் என் அக்காவுக்கு ‘பிரேக்’ என்று பட்டப்பெயர். டயர் கடைக்கு மேலே ஒரே அறை, ஆறு பேர். குளிர்பெட்டி லாரிக்குள் சூடு ஏறினால் ஓட்டுநரின் போனுக்குச் சொல்லும் மென்பொருள் செய்கிறோம். நான் மூலையில் உட்கார்ந்து கோடிங் எழுதுபவன். கணக்கு, சம்பளம், சாவிக்கொத்து எல்லாம் அக்கா.

முதல் தடவையாக ஒரு முதலீட்டாளர் எங்களை நம்பிப் பணம் போட முன்வந்தார். ஒப்பந்தம் பார்க்க வக்கீல் வைத்தோம். ஆறு நிமிடத்துக்கு ஒரு யூனிட் என்று அவருக்குக் கட்டணம். முதல் பில் வந்ததும் அக்கா ஒரு வரியில் விரலை வைத்தாள்.

“தம்பி, ‘பொது உரையாடல், மூணு யூனிட்’னு போட்டிருக்கே, என்ன பேசினீங்க?”

முதலாளி அவளைவிட எட்டு வயது இளையவர். தலையைச் சொறிந்தார். “அவருக்கு முழங்கால் வலியாம். எங்கப்பாவுக்கு நல்லாக் குணம் தந்த தைலத்தைச் சொன்னேன்க்கா.”

“வலி அவருக்கு, வைத்தியம் உங்களுது, பில்லு மட்டும் நமக்கா?”

அறையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. மென்பொருளில் பிழை பார்க்க ஒரு பெண்ணை அடுத்த மாதம் வரச்சொல்லி வாக்குக் கொடுத்தவள் அவள்தான். அந்தப் பெண் பழைய வேலையை ராஜினாமா செய்துவிட்டாள். செலவு இப்படியே ஓடினால் அவள் சம்பளத்தில்தான் கைவைக்க வேண்டும்.

அன்றிலிருந்து வக்கீலுக்கு யாரும் போன் செய்யக்கூடாது. சந்தேகமா, நோட்டில் எழுது. வெள்ளிக்கிழமை அக்கா ஒரே மெயிலாக அனுப்புவாள். பாதிச் சந்தேகங்கள் வியாழனுக்குள் தாமே தீர்ந்துபோயின.

பெரிய ஓட்டை ஒப்பந்தத்துக்குள் இருந்தது. முதலீட்டாளருடைய வக்கீலுக்கும் நாங்களே கட்ட வேண்டும் என்று பதினோராம் பக்கத்தில் ஒரு வரி. எவ்வளவு என்று இல்லை. நாங்கள் ஐந்து பேரும் படித்துத் தலையாட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருந்தோம்.

“அதுதான் வழக்கம்க்கா. இப்பப் போய்க் கேட்டா ஆளே நழுவிடுவார்,” என்றார் முதலாளி.

“வழக்கம் இருக்கட்டும், அளவு வேணாமா? வாடகைக் கார்ல ஏறினாக்கூட எவ்வளவுன்னு கேட்டுட்டுத்தானே ஏறுறோம்?”

போனை ஸ்பீக்கரில் போட்டு அவளே பேசினாள். “சார், உங்க வக்கீல் பீஸ் நாங்க கட்டுறோம். ஆனா இதுக்கு மேல இல்லைன்னு ஒரு எல்லை எழுதிடலாம். தாண்டினா மிச்சம் உங்களுது.” எங்கள் இரண்டு மாத வாடகை அளவுக்கு ஒரு தொகை சொன்னாள்.

மேசைக்கு அடியில் அவள் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடியது என் இடத்திலிருந்து தெரிந்தது.

“சரி, எழுதிடுங்க,” என்றார் அவர். “என் பணம் யார் கையில இருக்கப்போகுதுன்னு இப்பத்தான் தெரியுது.”

முதலாளி நாற்காலியில் சரிந்தார். “அக்கா, அந்தப் பேரை வச்சவன் நான்தான். மன்னிச்சுடுங்க.”

“ஏன், பிரேக் இல்லாத லாரியில நீங்க போவீங்களா?”

ஒன்றாம் தேதி அந்தப் பெண் வந்தாள். உட்கார இடமில்லை. அக்கா என் நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டாள். “புதுசு அடுத்த வாரம் வரும். நின்னுக்கிட்டே எழுதுடா, தூக்கம் வராது.”

நின்றேன். கூனிக்குறுகி உட்கார்ந்தே பழகியவன் நான். அந்த வாரம் முழுக்க நிமிர்ந்து நின்றேன்.