லேப்டாப்புக்குக் கேட்காத சத்தம்

"ஸ்ட்ராவில் கீறல் இருந்தால் இளநீர் ஏன் சரியாக வரமாட்டேங்குது, சார்?" என்று நேற்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். வழியில் காற்று புகுந்துவிடும் என்றேன்.

இன்று கழக்கூட்டம் என்ற மலையாள ஊரில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். சிக்னலில் நின்றால் என் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின் உறுமும், திணறும், அணைந்துவிடும்.

மெக்கானிக் லேப்டாப்போடு வந்து, அதைச் செருகும் சாக்கெட்டை அரைமணி நேரம் தேடினார். அந்த வசதியே வராத காலத்து வண்டி அது.

"சாக்கெட் இல்லல்லோ சாரே. எஞ்சினை இறக்கிப் பிரிக்கணும், கேட்டோ."

வெளியே அவர் பிரித்துப்போட்ட வண்டிகளில் புல் முளைத்திருந்தது.

எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டை நானே திறந்தேன். எஞ்சினுக்குள் போகும் ரப்பர் குழாய் ஒன்றில் 'ஸ்ஸ்' என்று சத்தம். அங்கே காற்று புகுந்த கீறலை விரலால் பொத்தியதும் எஞ்சின் சீரானது. குழாயை மாற்றியதோடு வேலை முடிந்தது.

"ஓ, அதாணோ," என்றார் நிபுணர், லேப்டாப்பை மூடியபடி.

உங்கள் எஞ்சினைப் பிரிக்க யாராவது கிளம்பினால், முதலில் பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேளுங்கள்.