மறதியை மறந்த ஒமுர்ஸாக்

"மறதின்னா என்னன்னே எனக்கு மறந்துபோச்சு!"

சென்ற செப்டம்பரில், மலைமேய்ச்சல் முடிந்து மந்தையோடு இறங்கிய நாளில், வெந்த ஆட்டுத் தொடையைக் கையில் ஏந்தியபடி ஒமுர்ஸாக் விருந்தில் அறிவித்தது இது. "நான் மூடி வெச்ச சாமான், எப்பத் திறந்தாலும் சொன்ன பேச்சு கேக்கும். எதை எப்படி வெச்சேன்னு அத்தனையும் இங்க இருக்கு" என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார். கைக் கொழுப்பு நெற்றியில் அப்பிக்கொண்டது. துடைக்க மறந்துவிட்டார். அதை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்படி மூடி வைத்தவற்றுள் ஒன்று ஜெனரேட்டர். ஏழு மாதம் கொட்டகையில் கம்பளம் போர்த்தித் தூங்கியது. ஏப்ரலில் ஒரு காலை காற்று மின்கம்பத்தைச் சாய்த்துவிட, அதை எழுப்பும் வேளை வந்தது. ஒமுர்ஸாக்குக்கோ அது தூங்கும் வேளை. மூன்று வாரமாக ஆடுகள் குட்டி போடுகின்றன. மூன்று வாரமாக அவர் படுத்தது எல்லாம் கணக்கில் சேராத கண்ணயர்வு.

ஆனால் அவர் மனைவி சைராகுலின் குஞ்சு பொரிக்கும் பெட்டியில் அறுபது முட்டைகள், இருபதாம் நாள்; இன்னும் ஒரு நாளில் பொரிய வேண்டும். மார்ச்சில் வைத்த முதல் ஈடு இதேபோல மின்சாரம் போய், ஒமுர்ஸாக் ஆட்டுப் பட்டியில் இருந்த நேரத்தில், விறைத்துச் செத்தது. இனி முட்டை வாங்க அக்கம்பக்கத்தில் கோழி இல்லை.

"கிழவனாரே, பெட்டி ஆறுது. வெந்நீர் போத்தல் வெச்சிருக்கேன், மதியம்வரைக்கும்தான் தாங்கும்."

"ரெண்டே இழுப்பு. நீ டீ ஊத்தறதுக்குள்ள ஓடும்."

டீ ஊற்றினாள். ஆறியது. மறுபடி சூடாக்கினாள். நாற்பது இழுப்பு ஆயிற்று. கயிற்றை இழுத்த தோள், ராத்திரி ஆட்டுக்குட்டியை இழுத்த அதே தோள்.

பக்கத்து வீட்டு பகாஸ் வேலியோரம் வந்து நின்றான். பின்னால் அவன் நாய். நாயைக் கண்டதும் ஒமுர்ஸாக்கின் இடது பாதம் கடுத்தது. இலையுதிர் காலத்தில் அவருடைய இடது பூட்ஸின் கம்பளிக் காலுறை காணாமல் போனது. விசாரணை எதுவுமின்றி இந்த நாய் குற்றவாளி என்று தீர்ப்பானது. குளிர்காலம் முழுக்க அந்தக் காலில் கந்தல் துணிதான்.

"மறதியையே மறந்தவராச்சே அண்ணே, பெட்ரோல வடிக்க மறந்துட்டீங்களா?"

"வேணும்னேதான் விட்டேன். தொட்டி துருப்பிடிக்காம இருக்க. உன் திருட்டு நாயத் தள்ளிக் கூட்டிட்டுப் போ."

வடித்த பெட்ரோல் வார்னிஷ் போல மஞ்சளாக, நாறிக்கொண்டு வந்தது. பகாஸ் தன் காரிலிருந்து ஒரு கேன் புதுசு உறிஞ்சிக் கொடுத்தான். ஒமுர்ஸாக் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். அதில் பெட்ரோல் பாயும் ஜெட்டின் ஊசித் துளை அடைத்திருந்தது. பெண்குதிரையின் வாலில் ஒரு மயிர் பிடுங்கி, துளைக்குள் விட்டு உருவினார். குதிரை திரும்பிப் பார்த்தது; அதற்கும் களைப்புதான், உதைக்கவில்லை. பிளக்கைத் தேய்த்து மாட்டினார்.

இழுத்தார். உயிர் வந்தது! இரண்டு முறை இருமியது. செத்தது. மறுபடி இருமியது, செத்தது.

"புகையே வரலயே அண்ணே" என்றான் பகாஸ்.

"வெளியூர் மிஷின். அடக்கமா ஓடும்."

"போத்தல் ஆறிப்போச்சு!" வீட்டுக்குள்ளிருந்து சைராகுலின் குரல். கோபம்கூட இல்லாத குரல். மார்ச்சிலும் அப்படித்தான் சொன்னாள்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த உயரத்தில் சைலன்சரின் வாய் அவர் கண்ணுக்கு நேராக இருந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது. விரலை விட்டார். கம்பளி.

மலையிலிருந்து இறங்கும்போது கூடார அடுப்பின் புகைக்குழாயில் எலி புகாமல் கம்பளி திணித்து மூடுவது எல்லோரும் செய்வது. குழாய் என்றால் அடைக்க வேண்டும் என்பது கைக்குப் பழகிவிட்டது. அன்று ஜெனரேட்டருக்கும் ஒரு குழாய் இருந்தது. காலடியில் கிடந்த கம்பளி ஒன்றும் கைக்குக் கிடைத்தது.

"பகாஸ் தம்பி, தாகமா இருக்கு. உள்ள போய் டீ வாங்கிட்டு வா."

பகாஸ் உள்ளே போனதும் ஒமுர்ஸாக் உருவினார். நீண்டு, குதிகாலோடு, முழுசாக வந்தது. சட்டைக்குள் செருகிக்கொண்டார். ஒரே இழுப்பு. கொட்டகை அதிர, நீலப் புகை கக்கி ஓடியது.

சைராகுல் பெட்டியின் பல்பு எரிவதைப் பார்த்துவிட்டு ஒரு முட்டையைக் காதில் வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். "உள்ள தட்டுது" என்றாள். அதற்கப்புறம்தான் உட்கார்ந்தாள்.

டீயோடு வந்த பகாஸ் கேட்டான்: "என்ன கோளாறு அண்ணே?"

"ஜெட்டுதான்."

மாலையில் ஒமுர்ஸாக் வேலியருகே போனார். சுற்றுமுற்றும் பார்த்தார். கறி நிறைய ஒட்டியிருந்த தொடை எலும்பு ஒன்றைப் பகாஸின் நாய் முன்னால் வைத்துவிட்டு, அதன் முகத்தைப் பார்க்காமல் திரும்பி வந்தார். இரண்டு காலும் கதகதப்பாக இருந்தன. இடது காலில் மட்டும் பெட்ரோல் வாடை.