மூலையில் கிடந்த பந்துகள்

ஒன்றுமில்லை என்று எல்லோரும் சொல்லும் ஓரிடத்தில் ஒருவர் மட்டும் கால் வைக்க மறுத்தால், கோளாறு அவரிடம் இருக்கிறதா, அந்த இடத்தில் இருக்கிறதா? என் மாமனாரின் வாழ்க்கை எங்கள் முன்னால் வைத்த கேள்வி இதுதான். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அது தீர்ந்தபாடில்லை.

மீசை அரும்பிய வயதில் ராணுவத்தில் சேர்ந்தவர். கண்ணிவெடி எடுக்கும் பிரிவு. தரையில் குப்புறப் படுத்து, மெல்லிய இரும்புக் கம்பியைச் சாய்வாக மண்ணில் செருகிப் பார்த்து, கையகலம் கையகலமாக முன்னேறுவது வேலை. கம்பி எதிலாவது முட்டினால் நின்றுவிட வேண்டும். முட்டாத வழிக்கு இருபுறமும் வெள்ளை நாடா போட்டுக்கொண்டே போக வேண்டும். பின்னால் வருகிறவர்கள் அந்த நாடாக்களுக்கு நடுவில், முன்னால் போனவரின் காலடியிலேயே கால் வைத்து வருவார்கள். ஓய்வு பெற்றதும் ஒரு சிமெண்டுக் கிடங்கில் எடைமேடையைப் பார்த்துக்கொண்டார். அங்கே அவர்மேல் ஒரே புகார்தான். ஒவ்வொரு லாரி மேடையேறும்போதும் பக்கத்தில் நிற்பவர்களை விரட்டி விரட்டித் தள்ளி நிற்க வைப்பார்.

எங்கள் ஊர் போரையே பார்த்ததில்லை. அவர் வாங்கிய மனை அதற்கு முன் வெறும் புல்வெளி. இருந்தும் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் முழு மனையையும் அவர் குப்புறப் படுத்துக் கம்பியால் குத்திப் பார்த்தாராம். அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். கைக்குழந்தையோடு நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் மாமியாருக்குச் சிரிப்பு வரவில்லை.

"பின்னாடி மூலைக்கு வந்தாரு. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாரு. எந்திரிச்சு மண்ணைத் தட்டிட்டுச் சாப்பிட வந்துட்டாரு. அப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்ல" என்பார் மாமியார்.

அந்த மூலைக்கு வேலி கிடையாது, கயிறு கிடையாது. போகக் கூடாது என்று அவர் யாரிடமும் சொன்னதாகவும் தெரியவில்லை. அவர் சுற்றிக்கொண்டு போவார். அவர் பின்னால் பிள்ளைகளும் சுற்றிக்கொண்டு போனார்கள். அங்கே விழுந்தது விழுந்ததுதான். சாயம் போன பந்துகள், ஒற்றைச் செருப்பு, கொடியிலிருந்து பறந்துபோய் மக்கிய சட்டை, ஒரு துணிப் பொம்மை. எல்லா வீட்டிலும் இப்படி ஒரு மூலை இருக்கும் என்றே பள்ளிக்கூடம் போகும் வரை நினைத்திருந்ததாக என் மனைவி சொல்வாள்.

கல்யாணமான புதிதில், ஒருநாள் மாமனார் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனேன். குழாயடியில் ஈரமாக இருந்ததால் மூலைப் பக்கமாக ஒதுங்கி நடந்தேன். வீட்டுக்குள் அதுவரை கேட்ட பேச்சு சட்டென்று நின்றது.

"மாப்பிள்ளை, நில்லுங்க. கால எடுக்காதீங்க" என்றார் மாமனார். குரல் உயரவில்லை. காபி போதுமா என்று கேட்கிற குரல்.

பின்னாலிருந்து வந்து என் தோளில் கை வைத்தார். வந்த தடத்திலேயே, பின்பக்கமாகவே நடக்க வைத்துக் கூட்டிப்போனார். வாசற்படியில் மொத்தக் குடும்பமும் நின்றிருந்தது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று இரவு மனைவியிடம் கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள், அடுத்த வீட்டைப் பற்றிப் பேசுவது போல.

பழைய பயத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்ட மனிதர் என்று அவரை முடிவு கட்டினேன். அந்த முடிவு கொஞ்ச காலம்தான் தாங்கியது. அவரோடு பட்டாளத்தில் இருந்த ஒருவர் பார்க்க வந்தார். எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் ஆள். அந்த வீட்டுக்கு அதுதான் அவருடைய முதல் வருகை. தம்ளரைக் கையில் பிடித்தபடி, மாமனாரின் குறட்டையைக் கேலி செய்துகொண்டே கொல்லைக்கு இறங்கினார். மூலைக்கு நேராகப் போனவர், பேச்சை நிறுத்தாமல் அதைச் சுற்றிக்கொண்டு மதில் பக்கம் போய் நின்றார். யாராவது சொன்னார்களா என்று பிறகு கேட்டேன்.

"எத?" என்றார் அவர்.

பல வருஷம் அப்படியே போனது. இதற்கிடையில் என் மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் அண்ணனுக்கு, கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. அவன் கடைசல் பட்டறையில் வேலை பார்த்தான். மூன்று பேரும் சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் முடங்கிக் கிடந்தார்கள். அவன் மனைவி மறுபடி உண்டானபோது, அந்த மூலையில் ஓர் அறை கட்டிக்கொள்கிறேன் என்று அப்பாவிடம் கேட்டான்.

"அங்க வேண்டாம்."

"செத்துப்போன பந்துங்களுக்கு எல்லாம் இடம் இருக்கு, எனக்கு இல்லையாப்பா?"

மாமனார் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அப்படியானால் வேறு வீடு பார்த்துக்கொண்டு போகிறேன் என்றான் மச்சான். தட்டில் இருந்த மாமனாரின் கை அசையாமல் நின்றது. சாயங்காலமானால் வாசலில் எல்லோருடைய செருப்பும் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் அவர் கேட்டைச் சாத்துவார். பாசமாக நாலு வார்த்தை பேசியோ, பிள்ளைகளைக் கட்டிக்கொண்டோ நான் பார்த்ததில்லை. நல்ல தகப்பன் என்று சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒரு ஜோடி செருப்பு குறைந்தால் அவரால் தாங்க முடியாது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

மச்சான் வாடகைக்கு வீடு பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டு வந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாக்குவாதம் முற்றியது. இதோ, நானே நடந்து காட்டுகிறேன், ஒன்றுமில்லை என்று எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று மூலைக்குள் இறங்கினான். நடுவில் நின்று, வெற்றியோடு திரும்பினான்.

அவன் மகள் பின்னாலேயே வந்திருந்தாள். நாலு வயது. புல் மடங்கிய இடங்களாகப் பார்த்துப் பார்த்து, அவன் காலடியிலேயே கால் வைத்து வந்திருந்தாள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் கற்றுக்கொடுக்காமலே வருகிற நடை அது.

மச்சானின் முகம் வெளுத்தது. ஒரே எட்டில் அவளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம். அவனுக்குக் கால் எழவில்லை. படியில் நின்ற எங்களுக்கும்தான்.

மாமனார் உள்ளே போய்க் கம்பியோடு வந்தார். வீடு கட்டிய நாளிலிருந்து யாரும் கண்ணால் பார்த்திராத கம்பி. அதில் துரு இல்லை. எண்ணெய் பளபளத்தது. நாடாவுக்குப் பதிலாக ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை நீளநீளமாகக் கிழித்துத் தோளில் போட்டிருந்தார். மூலையின் விளிம்பில் குப்புறப் படுத்தார்.

"பாப்பா, தாத்தா வர்ற வரைக்கும் சிலை மாதிரி நிக்கணும். அசைஞ்சா அவுட்."

"அப்பா அசைஞ்சா?"

"அவனும் அவுட்."

குழந்தைக்கு உற்சாகமாகிவிட்டது. மூச்சைக்கூட அடக்கி நின்றாள். வெயில் மதிலைத் தாண்டிச் சாய்ந்தது. கம்பி மண்ணுக்குள் போய்வரும் சத்தம் மட்டும் கேட்டது. அவளிடம் போய்ச் சேர்ந்ததும், வந்த வழியில் தனியாக நடக்கச் சொல்லி அனுப்பினார். பிறகு மகன். அவன் படிக்கு வந்து உட்கார்ந்து மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் மிச்சத்தையும் அவரே ஆரம்பித்தார். தட்டுப்படும் பந்துகளை ஒவ்வொன்றாக மதில்மேல் வைத்துக்கொண்டே போனார். முடி உதிர்ந்த பொம்மையைப் பார்த்ததும் என் மனைவி உள்ளே போய்விட்டாள். மதிலை நெருங்கும்போது கம்பி நின்றது. அவர் முதுகும் நின்றது. நான் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தோண்டவில்லை. கம்பியை மெல்ல உருவினார். முனையைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தார். சமையலறையில் மருமகளும் பேத்தியும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் தலையைத் திருப்பிக் கொஞ்ச நேரம் கேட்டார்.

எழுந்து வந்து மகனைக் கூப்பிட்டார்.

"ஒண்ணும் இல்லடா. கட்டிக்கோ."

ஏதாவது முட்டியதா மாமா என்று தனியாகக் கேட்டேன்.

"கல்லாத்தான் இருக்கும் மாப்பிள்ளை" என்றார்.

மச்சான் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டான். சுவர் எழும்ப வேண்டிய கோட்டில் மட்டும்தான் மண்வெட்டி பட வேண்டும், நடுவில் தொடாமல் மேலேயே மணலைக் கொட்டித் தளம் போட வேண்டும் என்று மாமனார் சொல்லிவிட்டார். நாற்காலி போட்டு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தார். புதையல் கிடைத்தால் தனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று கொத்தனார் சொல்லிப் பார்த்தார். மாமனார் சிரிக்கவில்லை.

சுண்ணாம்பு காய்ந்த அன்று மச்சான் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு புது அறைக்குப் போனான். வாசலில் மாமனார் மறித்தார். தெருவைப் பார்த்த தன் பெரிய அறையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். வாதம் செய்ய இடம் கொடுக்கவில்லை. தன் இரும்புக் கட்டிலை அவரே இழுத்துக்கொண்டு புது அறைக்குள் போனார்.

அதைச் சுவரோரமாகப் போடவில்லை. ஜன்னல் பக்கமும் இல்லை, மின்விசிறிக்குக் கீழேயும் இல்லை. மதில் பக்கமாக, போக வர இடிக்கிற மாதிரி ஓரிடத்தில் நிறுத்தினார். கொஞ்சம் நகர்த்தினார். மறுபடி கொஞ்சம்.

"காத்தே வராத இடத்துல எதுக்குங்க?" என்று மாமியார் கேட்டார்.

அவர் கட்டில் ஆடுகிறதா என்று கையால் அழுத்திப் பார்த்தார். அதன்மேல் குப்புறப் படுத்து, முகத்தைத் தலையணையில் வைத்துக்கொண்டார். அதுவரை மல்லாந்து படுத்துக் குறட்டை விட்ட மனிதர், சாகும் வரை அந்தக் கட்டிலில், அந்த இடத்தில், அப்படியேதான் தூங்கினார்.