இரும்புக் குண்டுக்கு ஒரு பை

ஒவ்வோர் ஆண்டு முடிவிலும், அக்கா படித்த பல்கலைக்கழகத்திலிருந்து அவளுடைய கைப்பேசிக்கு ஒரு காணொளி வரும். அந்த ஆண்டு அவர்கள் சாதித்ததெல்லாம் சில நிமிடங்களுக்குள் ஓடி முடியும். முதலில் சமூகச் சேவை, அடுத்து விளையாட்டு, கடைசியில் மாணவர் சாதனை. இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை. அக்கா நேரே விளையாட்டுப் பகுதிக்குத் தாவிவிடுவாள். குண்டு எறிதலில் எந்தப் பெண்ணாவது தன் தூரத்தைத் தாண்டிவிட்டாளா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். நான் முதல் பகுதியைத்தான் பார்ப்பேன். அதிலும் பை கொடுப்பவர்களைப் பார்க்க மாட்டேன். அவர்கள் எல்லா ஆண்டும் ஒரே மாதிரிதான் சிரிக்கிறார்கள். வாங்குகிறவர்களின் முகத்தைப் பார்ப்பேன். அவர்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கும், இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கத்தும். அப்படிக் கத்திய பிள்ளை நான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பெனாங்கில், டத்தோ கிராமாட்டில் ஓர் அடுக்குமாடி வீட்டில், மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். அப்பா தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டினார். அம்மா பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். அக்கா வாரம் முழுக்கப் பல்கலைக்கழக விடுதியில் இருந்துவிட்டு, சனிக்கிழமை சாப்பிடுவதற்காக வீட்டுக்கு வருவாள். சாப்பிடுவதற்காக என்று சும்மா சொல்லவில்லை. அவள் உட்கார்ந்தால் சோற்றுப் பானையைப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்துவிடுவார் அம்மா. எழுந்து எழுந்து போடுவதற்கு அவருக்கு முழங்கால் இடம் கொடுக்கவில்லை.

அக்காவோடு அவளுடைய இரும்புக் குண்டும் வரும். நான்கு கிலோ. வீட்டுக்குள் அதற்கு மரியாதை அதிகம். கடல் காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அம்மா அதைத்தான் முட்டுக் கொடுப்பார். ஒருமுறை அது என் கையிலிருந்து நழுவி நடைபாதையில் உருண்டு படிக்கட்டில் தடதடவென்று இறங்கியது. கீழ்வீட்டுக்காரர் துடைப்பத்தோடு மேலே வந்தார். அம்மா அவரைப் பார்த்து, "பொண்ணு பெனாங்குக்கு மெடல் கொண்டாரப் போறா, கொஞ்சம் சத்தம் வரத்தான்லா செய்யும்" என்றார். துடைப்பம் திரும்பிப் போய்விட்டது.

அந்த ஆண்டில் அப்பாவின் வேனுக்கு கியர்பாக்ஸ் போயிற்று. வண்டி பட்டறையில் கிடந்தது. அதே நேரம் பார்த்து அம்மாவின் தொழிற்சாலையில் ஓவர்டைமையும் நிறுத்திவிட்டார்கள். வீட்டில் யாரும் எதையும் சொல்லவில்லை. மீன் வரும் நாள்கள் குறைந்தன, அப்பா மாடிப்படியில் உட்கார்ந்து அதிகமாகப் பத்திரிகை படித்தார், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கு அதுவும் தெரியாது. சனிக்கிழமைச் சாப்பாட்டில் மட்டும் அம்மா கை வைக்கவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் பல்கலைக்கழகத்து மாணவர்கள் எங்கள் அடுக்குமாடிக்குச் சேவை செய்ய வந்தார்கள். எல்லாருக்கும் மஞ்சள் சட்டை. படிக்கட்டுச் சுவருக்குச் சாயம் அடித்தார்கள், சாக்கடையைக் கிளறினார்கள். கூடவே ஒரு லாரி நிறையக் கித்தான் பைகள் வந்தன. ஒவ்வொன்றிலும் அரிசி, எண்ணெய், சீனி, பிஸ்கட். பையின் முன்பக்கத்தில் பல்கலைக்கழகத்தின் சின்னம், அதன் கீழே 'நன்கொடை' என்று மலாயில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அக்கா வரவில்லை. அவளுக்கு அன்று திடலில் பயிற்சி.

லிப்ட் வழக்கம்போல் கெட்டுப்போயிருந்தது. பைகளைக் கீழே குவித்துவிட்டு, வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நடக்க முடிந்தவர்கள் வந்தார்கள். நடக்க முடியாதவர்களுக்குத்தானே முதலில் கொடுக்க வேண்டும் என்று அம்மா ஒரு மாணவனிடம் கேட்டார். அவன் தன் கையிலிருந்த தூரிகையைப் பார்த்தான். அவ்வளவுதான், அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தூக்க ஆரம்பித்துவிட்டார். ஐந்தாம் மாடியில் பக்கவாதம் வந்த அண்ணனுக்கு ஒன்று, ஆறாம் மாடியில் பிள்ளை பெற்றிருந்த மலாய் அக்காவுக்கு ஒன்று. மஞ்சள் சட்டைப் பெண் ஒருத்தி கூடவே தூக்கி வந்தாள். நான்காம் மாடியில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு மறுபடியும் வந்தாள், நல்ல பெண். நான் பிஸ்கட் பாக்கெட்டுகளைச் சுமந்தேன்.

எட்டாவது மாடியில் தனியாக இருந்த சீனத்து ஆன்ட்டிக்கான பையோடு அம்மா படியில் கால் வைத்தபோது பெரிய கார் ஒன்று வந்து நின்றது. பல்கலைக்கழகத்தில் மாணவர் நலனைப் பார்த்துக்கொள்ளும் அம்மையார் இறங்கினார். கூடவே ஒரு படக்காரர். பையோடு நிற்கும் ஆள் ஒருவர் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அம்மா பையோடுதான் நின்றார். படக்காரர் அம்மாவைத் தோளைப் பிடித்துத் திருப்பி, அம்மையாரின் கையைப் பையின் ஒரு காதிலும் அம்மாவின் கையை இன்னொரு காதிலும் வைத்து, சிரிக்கச் சொன்னார். வேர்வை வழிய அம்மா சிரித்தார். படம் எடுத்ததும் அம்மையார் காரில் ஏறினார், அம்மா எட்டாவது மாடிக்கு ஏறினார்.

எல்லாம் முடிந்தபோது ஒரு பை மிஞ்சியது. கூடத் தூக்கிய அந்தப் பெண் அதை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா உடனே கை நீட்டவில்லை. பிறகு வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து அரிசியை டின்னில் கொட்டியதும், "அக்காகிட்ட சொல்லாத" என்றார். பிறந்தநாள் கேக்கைப் பற்றியும் எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். அக்காவுக்கு ஏதோ ஆச்சரியம் காத்திருக்கிறது என்று நினைத்து, அம்மா மாடி மாடியாகத் தூக்கிய கதையை மட்டும் அவளிடம் சொன்னேன், கடைசிப் பையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

காலிப் பையையும் அம்மா வீணாக்கவில்லை. அக்கா குண்டு கொண்டுபோகும் பழைய துணிப்பை அடியில் கிழிந்துபோயிருந்தது. கித்தான் நல்ல தடிப்பு, நான்கு கிலோவைத் தாங்கும். அம்மா அதை வெட்டி, வாயில் சுருக்குக் கயிறு கோத்து, குண்டுக்கு அளவான பையாகத் தைத்துவிட்டார். ஆனால் சின்னம் இருந்த பக்கம் உள்ளே போய்விட்டது. வெளியே வெறும் வெள்ளை. எனக்கு அந்தச் சின்னம் பிடித்திருந்தது, அதில் ஒரு பறவை உண்டு. படத்தை ஏன் உள்ளே வைத்துத் தைத்தீர்கள் என்று கேட்டேன்.

"வெளிய இருந்தா அழுக்காயிரும்" என்றார் அம்மா.

நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த மாதம் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் அக்கா தங்கம் வாங்கினாள். ஆண்டு இறுதி விழாவில் அவளுக்குச் சிறந்த விளையாட்டாளர் விருது என்று அழைப்பு வந்தது, பெற்றோரும் மேடைக்கு வர வேண்டுமாம். அதற்குள் வேன் பட்டறையிலிருந்து வந்துவிட்டது. அம்மா தீபாவளிக்கு எடுத்த மாம்பழ நிறப் புடவையைக் கட்டிக்கொண்டார். ஆள் ஏற்றும் வேனில் நாங்கள் நால்வர் மட்டும் ஆளுக்கொரு வரிசையில் உட்கார்ந்து போனோம். விருது வாங்கியதும் பல்கலைக்கழகத்துக்கு ஒரே ஒரு வரியில் நன்றி சொல்ல வேண்டும், அதற்கு மேல் பேசக்கூடாது என்று ஓர் அதிகாரி அக்காவிடம் சொல்லிவைத்திருந்தார். அக்கா வழியெல்லாம் அந்த வரியை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

மண்டபத்தில் விளக்கை அணைத்தார்கள். திரையில் சமூகச் சேவை ஓடியது. யாரோ மரம் நட்டார்கள், யாரோ ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விட்டார்கள். அப்புறம் திடீரென்று எங்கள் படிக்கட்டு. அதன் முன்னால் அம்மா, எங்கள் வீட்டுச் சுவரைவிடப் பெரிதாக, வேர்வையோடு, பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு. கீழே 'வறுமையிலும் ஒரு புன்னகை' என்று மலாயில் எழுத்து வந்தது. எனக்கு எழுத்தா முக்கியம்?

"அம்மா! அங்க பாருங்க, நம்ம அம்மா!" என்று நாற்காலியில் ஏறி நின்று கத்தினேன்.

முன்வரிசைகள் முழுவதும் திரும்பின. சிலர் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அக்காவின் கை வந்து என் வாயைப் பொத்தியது. அப்பா தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அம்மாவும் அப்பாவும் கூடவே மேடை ஏறினார்கள். கோப்பையைக் கொடுத்தவர் அதே அம்மையார்தான். அம்மாவிடமும் கை குலுக்கினார், அவரை அடையாளம் தெரிந்ததாக முகத்தில் ஒன்றுமே இல்லை. அக்கா ஒலிவாங்கியைப் பிடித்தாள். மனப்பாடம் செய்த வரி வரவில்லை. திரையில் காட்டியது என் அம்மா என்றாள். என் அம்மா அந்தப் பையை வாங்கவில்லை, லிப்ட் இல்லாத கட்டடத்தில் மற்றவர்களுக்காகத் தூக்கிக்கொண்டு போனார், நாங்கள் யாரிடமும் அரிசி வாங்கிச் சாப்பிடுகிற குடும்பம் இல்லை, அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள் என்றாள். குரல் உடைந்தாலும் நிறுத்தவில்லை. எனக்கோ ஒரே குழப்பம். அந்த அரிசியில் பாதிக்கு மேல் தின்றவள் இவள்தானே?

மேடைக்குக் கீழே நின்ற அதிகாரி கையை ஆட்டினார். அதற்குள் அம்மா அக்காவின் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கிவிட்டார். தொழிற்சாலையில் பேசும் மலாய்தான் அம்மாவுக்கு வரும், அதிலேயே பேசினார். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்.

"என் மக சொன்னதுல பாதி சரி. தூக்கிட்டுப் போனது நான்தான். கடைசி பைய எடுத்துக்கிட்டதும் நான்தான். அந்த மாசம் எங்களுக்கு அது வேண்டியிருந்துச்சு. இவளுக்குத் தெரியாது, நான் சொல்லல. அந்தச் சோத்த தின்னுட்டுத்தான் இவ குண்டு எறிஞ்சா. படத்த எடுக்க வேணாம். ஆனா போடறதுன்னா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க. அரிசி வாங்கினவளும் நான்தான், எட்டு மாடி தூக்கினவளும் நான்தான், இவளப் பெத்தவளும் நான்தான்."

பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். ஒலிவாங்கி வாய்க்குப் பக்கத்திலேயே இருந்ததை அவர் கவனிக்கவில்லை. "இதுல என்னாடி வெக்கம்? தலைய நிமித்து" என்று தமிழில் சொன்னது மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. எங்கோ பின்னாலிருந்து ஒரு மாணவன் விசில் அடித்தான். அதன் பிறகு விழுந்த கைதட்டலில் அம்மையாரும் தட்டினார், கொஞ்சம் தாமதமாக.

பொய் சொன்னதற்காக அக்காவுக்கு எல்லார் முன்னாலும் திட்டு விழுந்தது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். வழக்கமாக அது எனக்குத்தான் விழும். அதனால் அன்று எனக்குப் பரம சந்தோஷம்.

திரும்பி வரும்போது அக்கா வேனின் கடைசி வரிசையில் உட்கார்ந்து அழுதாள். பெனாங்குப் பாலத்துப் பக்கம் வந்தபோது, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"சொல்லியிருந்தா நீ அந்தச் சோத்த தின்னிருப்பியா?" என்றார் அம்மா.

அப்பா ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடை முன்னால் வேனை நிறுத்தினார். கோப்பையை மேசையில் வைத்துக்கொண்டு அக்கா இரண்டு தட்டு சாப்பிட்டாள். இரண்டாவது தட்டுக்கு அம்மாதான் சொன்னார்.

அடுத்த ஆண்டு அணியில் அக்காவைச் சேர்க்க வேண்டாமென்று அலுவலகத்தில் யாரோ சொல்லிப் பார்த்ததாகக் கேள்வி. அவளைவிடத் தூரம் எறிய ஆள் கிடைக்காததால் சேர்த்தார்கள். ஆனால் அதற்கு முன்பே பல்கலைக்கழகத்தின் ஆண்டு மலர் வீட்டுக்கு வந்தது. சமூகச் சேவைப் பக்கத்தில் மரம் இருந்தது, ஆமைக்குஞ்சு இருந்தது. அம்மாவின் படம் இல்லை. விளையாட்டுப் பக்கத்தில் அக்கா கோப்பையோடு நின்றாள். அவள் தோளுக்குப் பக்கத்தில் மாம்பழ நிறப் புடவையின் ஓரம் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. மற்றதை வெட்டிவிட்டிருந்தார்கள்.

அம்மா அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு மலரை மூடி வைத்துவிட்டு, அந்த வாரம் அக்கா விட்டுப்போய், கதவுக்கு முட்டாக இருந்த குண்டைப் பையிலிருந்து வெளியே எடுத்து, தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். பையை அப்படியே வெளிப்புறமாகத் திருப்பி, மறுபடி தைத்து, கயிறு கோத்தார். இப்போது பறவைச் சின்னமும் நன்கொடை என்ற எழுத்தும் வெளியே வந்துவிட்டன. குண்டை உள்ளே போட்டு இறுக்கியதும் அந்த எழுத்து குண்டின் வளைவுக்கு உப்பிக்கொண்டு நின்றது. சனிக்கிழமை வந்த அக்கா பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்போதுதான் அது எந்தப் பை என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தோளில் மாட்டிக்கொண்டாள். அதே பையோடுதான் அதற்குப் பிறகு எல்லாத் திடலுக்கும் போனாள்.

அம்மா அதைத் திருப்பித் தைத்துக்கொண்டிருந்தபோதே எனக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. எவ்வளவு அழகான பறவை, திடலின் மண்ணெல்லாம் அதன்மேல் படுமே என்று கவலைப்பட்டேன்.

"படம் அழுக்காயிடாதாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"ஆவட்டும்லா" என்றார்.