மன்னிப்புக் கேட்கும்போது கை எங்கே

யார் வீட்டுக் குழாய் வறண்டாலும் திட்டு அவளுக்குத்தான். குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்குவது அவள் வேலை. வாய் "மன்னிச்சிடுங்க" என்னும். கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருக்கும். அந்தப் படபடப்பு தாங்காமல்தான் குத்துச்சண்டை வகுப்பில் சேர்ந்தாள்.

முதல் பயிற்சிச் சண்டையில் எதிரே நின்றவள் பஸ் ஓட்டுபவள். "மெதுவா தொட்டா போதும்," என்றார் பயிற்சியாளர். ஓட்டுநரின் தோளில் தன் கையுறை பட்டதுமே இவள் கைகளை இறக்கி, "மன்னிச்சிடுங்க" என்றாள். உடனே மூக்கில் ஒரு தட்டு விழுந்தது. மூன்று முறை இதே கதை.

"அக்கா, மன்னிப்பு தாராளமா கேளுங்க. கையை மட்டும் இறக்காதீங்க," என்றாள் ஓட்டுநர்.

மறுநாள் அலுவலகத்தில் ஒருவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "மன்னிச்சிடுங்க," என்றாள். அவர் சட்டென்று ஓரடி பின்வாங்கினார். தன் முஷ்டிகள் தாடைக்கு நேரே நிற்பதை அப்போதுதான் கண்டாள்.

இறக்க மனசு வரவில்லை.