சேமக்காலை மதிலுக்கு வெளியே

செத்தவர்களைப் புதைக்கும் எங்கள் ஊர்ச் சேமக்காலையின் சுற்றுமதிலில் பாதி நான் கட்டியது. கூலி வாங்கவில்லை. கடலால் வந்து வலையைக் காயப்போட்டதும் முருகைக்கல் சுமப்பேன். பூசை இன்னும் லத்தீனில் நடந்த காலம். பாடுபட்டால் மோட்சம் கிடைக்கும் என்று நம்பினேன். வேறு மாதிரி யோசிக்க எனக்குத் தெரியாது.

மூத்தவள் பிறந்து நாலாம் நாள். ஞானத்தகப்பன் கொடிகாமத்திலிருந்து வரவேண்டும் என்று ஞானஸ்நானத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்தோம். வெள்ளி காலை பிள்ளை பால் குடிக்கவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது.

பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவிச்சி சைவக்காரி. அவதான் சொன்னா: "தம்பி, உங்கடை ஆக்கள் அவசரத்துக்குத் தாங்களே தலையிலை தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுக்கிறவையெல்லே? ஊத்துமன்."

அது எனக்கும் தெரியும். ஞானோபதேசம் படித்த எல்லாருக்கும் தெரியும்.

"என்ரை கை மீன் நாறுது, அக்கா. சுவாமியைக் கூட்டிக்கொண்டு வாறன்."

சைக்கிளை எடுத்தேன். சுவாமியார் தங்கும் அறைவீட்டுக்கு மூன்று மைல். நெஞ்சு வெடிக்க மிதித்தேன். சுவாமியாரோடு திரும்பியபோது மருத்துவிச்சி வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தா.

பிள்ளையைச் சேமக்காலைக்குள் வைக்க முடியாது என்றார் சுவாமியார். சென்மப் பாவம் கழுவப்படவில்லையாம்.

"நாலு நாள் பிள்ளை என்ன பாவம் செய்தது, சுவாமி?"

"பிள்ளை பாவமில்லாமல் பிறக்குது, மனுசன் தன்ரை முயற்சியாலை கரையேறலாம் எண்டு முந்தியும் ஒரு துறவி சொன்னவர். திருச்சபை அதைப் பதிதம், வேதத்துக்கு மாறான போதனை எண்டு தள்ளிப்போட்டுது. மோட்சம் உம்மடை உழைப்புக்குக் கூலியில்லை. கடவுள் சும்மா தாறது."

"சும்மா தாறதெண்டால் என்ரை பிள்ளைக்கு ஏன் தரேல்லை?"

அவருக்கும் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்க்க எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது. கலங்கிய கண்ணை வைத்து நான் என்ன செய்ய?

மதிலுக்கு வெளியே, மிச்சக் கல்லை நான் குவித்து வைத்திருந்த இடத்தில், நானே குழி வெட்டினேன்.

அந்தச் சுவாமியாரோடு பிறகு ஒருநாளும் கதைக்கவில்லை. ஊரில் என்னைப் பதிதன் என்றார்கள். சொல்லட்டும். அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் இருந்தது.

அன்று குழியை மூடிவிட்டு வீட்டுக்குப் போனபோது மனுசி பாயில் கிடந்தாள். முகம் திருப்பாமல் கேட்டாள்.

"உள்ளுக்கையோ, வெளியிலையோ?"

"வெளியிலை."

பிறகு சொன்னாள்:

"ஏனப்பா ஓடினனீங்கள்? குடத்திலை தண்ணி இருந்ததுதானே."