சஹனில் ஹபீஸின் பக்கம்

வெள்ளவத்தையில், காலி வீதிப் பீங்கான் கடையொன்றில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறார் பஹ்மியா. தட்டை நகத்தால் ஒரு சுண்டு சுண்டினால் போதும், நல்ல பீங்கானா வெறும் பகட்டா என்று சொல்லிவிடுவார். வாங்க வந்தவர்களுக்குக் கதையும் இலவசம். சீனத்து வெள்ளைப் பீங்கானுக்கு ஆசைப்பட்ட ஈராக்கின் பஸ்ராக்காரர்கள், அந்த மண் கிடைக்காமல் சாதாரணக் களிமண்ணுக்கு வெள்ளீயப் பூச்சுப் பூசிச் சமாளித்த கதை. சீனர்களோ சூளையிலிருந்து எடுத்து ஆறும்போது மெருகுப் பூச்சை வேண்டுமென்றே வெடிக்கவிட்டு, அந்தக் கோடுகளைத்தான் அழகு என்றார்கள்.

அவர் வீட்டுச் சஹனும் அந்த வகைதான். ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் பெருந்தட்டு. வெளிர்பச்சை மெருகெங்கும் மயிரிழைக் கோடுகள். முப்பது வருஷத்துப் பெருநாள் ஆணம், அந்த மஞ்சள் குழம்பு, அவற்றில் இறங்கிக் கறை பிடித்திருந்தது. சஹனில் அவரவர் பக்கத்தில்தான் உண்ண வேண்டும். கணவர் ஹபீஸின் பக்கம் மட்டும் கடும் மஞ்சள். மனுஷன் சோற்றை ஆணத்தில் குளிப்பாட்டுவார்.

அவர் மௌத்தாகி ஒன்பது வருஷம். மகன் முர்ஷித் மெல்பர்னில். தனி ஆளுக்கு எதற்குச் சஹன்? பஹ்மியா அதை அலுமாரியில் வைத்துவிட்டார். ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் எடுத்து அந்த மஞ்சள் பக்கத்தைத் தடவாமல் இருக்க முடியாது. அவர் இருந்தால் நன்றாயிருக்கும், அவ்வளவுதான்.

இந்த நோன்புப் பெருநாளுக்கு முர்ஷித், மனைவி அர்பாவோடும் மூன்று பிள்ளைகளோடும் வந்தான். பஹ்மியாவோடு ஆறு பேர். அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

பெருநாளன்று அர்பா சஹனை ஏந்தி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மாமி, பாருங்க! ஒங்களுக்குத் தெரியாம ரெண்டு நாள் ப்ளீச்சுல ஊறப்போட்டேன். ஒரு கறையும் இல்ல."

கோடுகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. பஹ்மியா சஹனை ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னொரு சுற்று. ஆசையாகச் செய்த பிள்ளையை என்னவென்று ஏசுவது?

"என்ன உம்மா?" என்றான் முர்ஷித்.

"ஒண்டுமில்ல மகன். வாப்பாட பக்கம் எதெண்டு தேடுறேன்."

அர்பாவின் சிரிப்பு போய்விட்டது. பஹ்மியா சோற்றைக் கொட்டி ஆணத்தை ஊற்றினார்.

"இருங்க எல்லாரும். நல்லா ஆணம் ஊத்தித் தின்னுங்க. திரும்ப மஞ்சள் பிடிக்க முப்பது வருஷப் பெருநாள் வேணும். எத்தனைக்கு வருவீங்க?"

முர்ஷித் சோற்றைப் பிசைந்தான். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஃப்ளைட்.

உண்டு முடிந்ததும் அர்பா சஹனைக் கழுவ எடுத்தாள். பஹ்மியா அவள் கையைப் பிடித்தார்.

"வெச்சிரு மகள். நாளைக்கி வரைக்கும் ஆணம் ஊறட்டும்."